எந்த மாத்திரை, கடைசியாக எப்போது? ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை முறிப்பது எப்படி

தலையில் அடிபட்டோ, மலம் கறுப்பாகப் போயோ ஒருவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிடுபவர் என்று தெரிந்ததும் மருத்துவர் கேட்கும் கேள்வி இரண்டு. என்ன மாத்திரை? கடைசியாக எப்போது சாப்பிட்டார்? கூட வந்தவர்களிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில், "ஹார்ட்டுக்கு ஒரு சின்ன மாத்திரை சார், பேர் தெரியல" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் யாருக்கும் கை ஓடாது, கால் ஓடாது. ஆனால் அடுத்த ஒரு மணி நேரத்துச் சிகிச்சை முழுக்க அந்த இரண்டு பதில்களை வைத்துத்தான் நடக்கும். இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. ஒன்றுக்கு வைட்டமின், ஒன்றுக்கு மீனிலிருந்து வந்த புரதம், இன்னொன்றுக்கு ஆய்வகத்தில் உருவாக்கிய ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம். சிலவற்றுக்கு முறிவே இல்லை.

முதலில் அடிப்படை. உடம்பில் எங்காவது ரத்தக்குழாய் கிழிந்தால் இரண்டு வேலைகள் நடக்கின்றன. பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் ஓடிவந்து கிழிசலில் ஒட்டிக்கொண்டு தற்காலிகமாக அடைக்கின்றன. அதே சமயம் ரத்தத்தில் மிதக்கும் உறைவுக் காரணிகள் எனும் புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு, கடைசியில் ஃபைப்ரின் என்ற இழைகளை உருவாக்குகின்றன. இந்த இழைகள் தட்டணுக்களைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும்போதுதான் அடைப்பு உறுதியாகிறது. காரணிகளுக்கு ரோம எண்கள் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு இரண்டு போதும். பத்தாம் காரணி, அது தூண்டிவிடும் இரண்டாம் காரணி. இரண்டாம் காரணி தூண்டப்பட்ட பிறகு அதன் பெயர் திராம்பின். ஃபைப்ரினை உண்டாக்குவது அதுதான்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டும் தட்டணுக்களைத் தடுப்பவை. வார்ஃபரின், அசிட்ரோம், ஹெப்பாரின், டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் எல்லாம் காரணிகளின் பக்கம் வேலை செய்பவை. வீட்டில் எல்லாவற்றையும் சேர்த்து ‘ரத்தம் நீர்க்கிற மாத்திரை’ என்று சொல்லிவிடுகிறோம். ரத்தக் கசிவு வரும்போது இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

இவற்றை ஏன் சாப்பிடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உலோக வால்வு பொருத்தியவர்கள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள். மருந்து இல்லாவிட்டால் இவர்களுக்குக் கட்டி உண்டாகி மூளைக்கோ நுரையீரலுக்கோ போய் அடைக்கும். அதனால் மருந்தை முறிப்பது என்பது, எந்த ஆபத்துக்குப் பயந்து மருந்து கொடுத்தார்களோ அதே ஆபத்தைத் தெரிந்தே கொஞ்ச நாள் திரும்பக் கூப்பிடுவது. மூக்கில் லேசாக ரத்தம் வந்தாலோ, பல் தேய்க்கும்போது ஈறில் கசிந்தாலோ யாரும் முறிவு மருந்தை எடுப்பதில்லை. அழுத்திப் பிடித்தால் நிற்கும் கசிவு அழுத்தத்திலேயே நிற்கட்டும்.

எது கடுமையான கசிவு? மூளை, தண்டுவடம், கண், இதயத்தைச் சுற்றிய உறை, வயிற்றின் பின்புறம் போன்ற இடங்களில் கசிந்தால், அளவு சின்னதாக இருந்தாலும் கடுமையானதுதான். மற்ற இடங்களில், ஹீமோகுளோபின் 2 கிராமுக்கு மேல் இறங்கினாலோ, 2 யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தாலோ, ரத்த அழுத்தம் சரிந்தாலோ கடுமையானது. இதில் மூளைக் கசிவு தனி ரகம். மண்டை ஓட்டுக்குள் இடம் கிடையாது. முதல் சில மணி நேரத்தில் கசிவு பெரிதாகிக்கொண்டே போகக்கூடும். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது இன்னும் அதிக நேரம் நீளும். முறிவு சிகிச்சையில் நிமிடக் கணக்கு பார்ப்பது பெரும்பாலும் இவர்களுக்காகத்தான்.

முறிவு மருந்து ஒன்றே சிகிச்சையும் அல்ல. கையில் இரண்டு பெரிய ஊசி வழிகள், குளூக்கோஸ் அல்ல உப்பு நீர், தேவைக்கு ரத்தம், வெளிக்காயம் என்றால் அழுத்தம், வயிற்றில் புண் கசிகிறது என்றால் எண்டோஸ்கோபி, மூளை என்றால் சிடி ஸ்கேனும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் – இவை நடந்துகொண்டிருக்கும்போதே கூடவே போக வேண்டியது முறிவு மருந்து. கிழிந்த பெரிய குழாயை எந்த மருந்தும் தைக்காது.

வார்ஃபரினும் அசிட்ரோமும்

உலகின் பல பகுதிகளில் புதிய மாத்திரைகள் முன்னுக்கு வந்துவிட்டன. நம்மிடம் வார்ஃபரினும், அதன் தம்பியான அசிட்ரோம் என்ற பெயரில் பரவலாகக் கிடைக்கும் அசினோகூமரோலும் இன்னும் நிறையப் பேருக்கு எழுதப்படுகின்றன. காரணம் விலை மட்டுமல்ல. சிறு வயதில் தொண்டைத் தொற்றிலிருந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போனவர்கள் இங்கே அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அது போன்ற உலோக வால்வு வைத்தவர்களுக்குப் புதிய மாத்திரைகள் ஆகாது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் உலோக வால்வுக்காரர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்தபோது கட்டியும் அதிகம், கசிவும் அதிகம் என்று ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். ருமாட்டிக் வால்வு நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களிடம் ரிவராக்ஸபானை ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. அதிலும் பழைய மாத்திரைதான் நன்றாக இருந்தது. ஆகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இந்த மாத்திரை பிறந்த கதையிலேயே முறிவு மருந்தின் கதையும் இருக்கிறது. 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் இனிப்புக் குளோவர் எனும் தீவனச் செடியின் கெட்டுப்போன வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலுக்கு நடுவே செத்த கிடாரியையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் குழு சில வருடங்கள் போராடி அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி விஷமாகத்தான் சந்தைக்கு வந்தது. 1951-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் தற்கொலை எண்ணத்தில் இதைத் தின்றுவிட, மருத்துவமனையில் வைட்டமின் கே கொடுத்து அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். இந்த விஷத்தைத் திருப்ப முடியும் என்று கண்ணால் கண்ட பிறகுதான் மனிதர்களுக்குக் கொடுக்கும் துணிச்சல் வளர்ந்தது. 1954-இல் அது மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. முறிவு தெரிந்திருந்ததால் மருந்தான விஷம் என்றே இதைச் சொல்லலாம்.

கல்லீரல் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து எண் காரணிகளைச் செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. கல்லீரல் காரணிகளைச் செய்யத்தான் செய்கிறது, ஆனால் அரைகுறையாக, வேலைக்கு ஆகாதபடி. இதன் விளைவை ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். எண் கூடக் கூட ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று பொருள். மாத்திரை சாப்பிடாதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். பெரும்பாலான நோயாளிகளுக்கு 2 முதல் 3 வரை வைத்திருப்பார்கள், சில வால்வுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. 

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஓர் அம்மா, உலோக வால்வு, தினமும் வார்ஃபரின். குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு மணி நேரத்தில் தலைவலியும் வாந்தியும். சிடி ஸ்கேனில் மூளையில் கசிவு. ஐஎன்ஆர் 5. என்ன செய்வார்கள்?

முதலில் வைட்டமின் கே. 10 மில்லிகிராம், உப்பு நீரில் கலந்து 20 முதல் 30 நிமிடம் மெதுவாக நரம்பில் ஏற்ற வேண்டும். வேகமாகத் தள்ளினால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வந்துவிடும். இடுப்பில் தசை ஊசியாகப் போடவும் கூடாது. ரத்தம் உறையாதவருக்கு ஊசி குத்திய தசைக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். சரி, வைட்டமின் போய்ச் சேர்ந்ததும் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. கல்லீரல் அதை வாங்கிப் புதிய காரணிகளைச் செய்து ரத்தத்தில் விட வேண்டும். மாற்றம் தெரிய ஆரம்பிக்க நான்கைந்து மணி நேரம், முழுப் பலன் கிடைக்க 12 முதல் 24 மணி நேரம். மூளைக் கசிவு அதுவரை காத்திருக்காது. வாசலில் விருந்தாளி நிற்கும்போது அரிசி ஊறப்போடுவது மாதிரி இது. ஊறப்போடத்தான் வேண்டும், நாளைக்கு அது தேவை. ஆனால் இப்போதைக்குக் கடையில் போய் மாவு பாக்கெட் வாங்கி வந்தால்தான் இட்லி. அந்தத் தயார் மாவுதான் பிளாஸ்மாவும் பிசிசியும்.

உறைய வைத்த பிளாஸ்மாவை மருத்துவமனைகளில் எஃப்எஃப்பி என்பார்கள். ரத்த தானம் செய்தவர்களின் ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் மஞ்சள் திரவம். எல்லாக் காரணிகளும் இருக்கும், இயற்கையில் உள்ள அதே அளவில். ரத்த வங்கியின் உறைபெட்டியில் பலகை போல விறைத்துக் கிடக்கும் பையை எடுத்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் போட்டு உருக்குவார்கள். அவசரப்பட்டுக் கையாண்டால் உறைந்த பிளாஸ்டிக் விரிசல் விடும். ஒரு பை உருக அரை மணி நேரம் வரை ஆகும். அதற்கு முன்னால் ரத்த வகை பார்க்க வேண்டும், படிவம் எழுத வேண்டும், யாராவது ஓட வேண்டும். அளவு என்று பார்த்தால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி. நம் அம்மாவுக்கு 900 மில்லி வரை போகும், ஏறக்குறைய நான்கு பை. ஏற்கெனவே வால்வு கெட்டுப்போய்க் களைத்த இதயம் அது. ஒரு லிட்டர் திரவத்தை வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். மெதுவாக ஏற்றினால் நேரம் போய்விடும். இந்த இழுபறியை நேரில் பார்த்தவர்களுக்கு பிசிசியின் அருமை புரியும்.

பிசிசி என்பது புரோத்ராம்பின் காம்ப்ளெக்ஸ் கான்சென்ட்ரேட். பிளாஸ்மாவிலிருந்து வார்ஃபரின் கெடுத்துவைத்த அதே நான்கு காரணிகளை மட்டும் பிரித்து, வைரஸ்களை ஒழித்து, பொடியாக்கிக் குப்பியில் அடைத்திருப்பார்கள். உருக்க வேண்டியதில்லை, ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை. கூடவே வரும் நீரைக் குப்பிக்குள் விட்டு மெல்லச் சுழற்றினால் கரைந்துவிடும். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். ஐஎன்ஆர் 4 முதல் 6 வரை என்றால் கிலோவுக்கு 35 யூனிட் என்பது வழக்கமான கணக்கு. நம் அம்மாவுக்கு 2,100 யூனிட். 500 யூனிட் குப்பி ஒன்று 20 மில்லி என்றால் மொத்தமே 80, 85 மில்லிதான். ஒரு டம்ளர் கூட இல்லை. ஏற்றி முடித்து அரை மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் இறங்கிவிடும்.

ஜெர்மனியில் நடந்து 2016-இல் வெளியான இன்ச் ஆய்வு இந்த இரண்டையும் மூளைக் கசிவு நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டது. மூன்று மணி நேரத்துக்குள் ஐஎன்ஆர் 1.2 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 9 சதவீதம், பிசிசி பெற்றவர்களில் 67 சதவீதம். சின்ன ஆய்வுதான், 50 பேர். இருந்தாலும் வித்தியாசம் அவ்வளவு பெரியது. அதனால்தான் வழிகாட்டு நெறிகள் பிசிசியை முதலில் வைக்கின்றன. விலையும் கையிருப்பும் காரணமாக நம் ஊரில் பல இடங்களில் இன்னும் பிளாஸ்மாதான் ஓடுகிறது. மூளை நோய்க்கும் விபத்துக்கும் சிகிச்சை தரும் எந்த மருத்துவமனையிலும் நாலைந்து குப்பி பிசிசி எப்போதும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது இல்லாத இடத்தில் பிளாஸ்மா கொடுப்பது தவறில்லை. தயங்கி நிற்பதுதான் தவறு.

பிசிசி கொடுத்தாயிற்றே, வைட்டமின் கே எதற்கு என்று கேட்கலாம். ஏற்றிய காரணிகள் கரைந்துகொண்டே போகும். ஏழாம் காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வார்ஃபரினோ உடம்பில் நாட்கணக்கில் தங்கும், அதன் பாதி குறையவே ஒன்றரை நாள் ஆகும். வைட்டமின் கே போடாமல் விட்டால் மறுநாள் காலையில் ஐஎன்ஆர் மறுபடி ஏறி நிற்கும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

இன்னொன்று. கசிவே இல்லாமல், வழக்கமான பரிசோதனையில் ஐஎன்ஆர் 6 என்று வந்துவிட்டால் பதற வேண்டாம். ஓரிரு வேளை மாத்திரையை நிறுத்தி மறுபடி பார்ப்பார்கள், அவ்வளவுதான். 10-ஐத் தாண்டினால் வைட்டமின் கே-யை வாய் வழியாகச் சிறிய அளவில் தருவார்கள். இதை வீட்டில் நாமே செய்யக் கூடாது. வால்வுக்காரருக்குத் தேவையில்லாமல் நிறைய வைட்டமின் கே கொடுத்துவிட்டால், அப்புறம் பல நாட்களுக்கு வார்ஃபரின் வேலையே செய்யாது.

ஹெப்பாரின்

இது ஊசி மருந்து, பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே கொடுப்பது. நரம்பில் ஏற்றும் சாதாரண ஹெப்பாரின் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் தானாகவே பாதியாகிவிடும், அதனால் டிரிப்பை நிறுத்துவதே பாதி சிகிச்சை. அவசரம் என்றால் புரோட்டமின். சால்மன் மீனின் விந்திலிருந்து வந்த புரதம் இது. நேர்மின்னேற்றம் உள்ள புரோட்டமின், எதிர்மின்னேற்றம் உள்ள ஹெப்பாரினைக் கட்டிப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் போன ஒவ்வொரு 100 யூனிட் ஹெப்பாரினுக்கும் 1 மில்லிகிராம், அதிகபட்சம் 50 மில்லிகிராம், மெதுவாக. வீட்டிலேயே தோலடியில் போட்டுக்கொள்ளும் எனாக்ஸபாரின் ஊசியைப் புரோட்டமின் ஓரளவுக்கே முறிக்கும், 60 சதவீதம் போல.

புதிய மாத்திரைகள்

டாபிகாட்ரான் திராம்பினை நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான் மூன்றும் பத்தாம் காரணியைப் பிடிக்கின்றன. வார்ஃபரின் போலக் காரணிகளைச் செய்யவிடாமல் தடுப்பதில்லை. காரணிகள் முழுதாக ரத்தத்தில் இருக்கின்றன, மருந்து அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வைட்டமின் கே இங்கே எதற்கும் உதவாது. இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ரத்தம் நீர்க்கிற மாத்திரையா, வைட்டமின் கே போடு’ என்ற பழக்கம் இன்னும் போகவில்லை.

ஐஎன்ஆரையும் இங்கே நம்ப முடியாது. அபிக்ஸபான் சாப்பிட்டவருக்கு ஐஎன்ஆர் ஏறக்குறைய இயல்பாகவே வரலாம், மருந்து முழு வீச்சில் இருக்கும்போதே. மருந்தின் அளவைத் தனியாக அளக்கும் பரிசோதனை பெரிய மையங்களில் மட்டும் உண்டு. மிச்ச இடங்களில் கையில் இருப்பவை இரண்டே தகவல்கள்: கடைசி மாத்திரை எப்போது, சிறுநீரகம் எப்படி. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த மருந்துகள் ஏறக்குறைய அரை நாளில் பாதியாகும், இரண்டு நாளில் பெரும்பாலும் போய்விடும். காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் பத்து மணிக்கு விழுந்து அடிபட்டு வந்தால் மருந்து உச்சத்தில் இருக்கிறது. அவர் விழிப்போடு இருந்தால், வயிற்றில் மிஞ்சிய மாத்திரையைப் பிடிக்க மருத்துவக் கரித்தூளை விழுங்கக் கொடுக்கலாம். முந்தாநாளோடு நிறுத்தியவர் என்றால் முறிவு மருந்தே தேவைப்படாமல் போகலாம். ஒரே காயம், ஒரே மாத்திரை, நேரம் மட்டும் வேறு. சிகிச்சை தலைகீழாகிறது.

டாபிகாட்ரானுக்கு நல்ல முறிவு மருந்து இருக்கிறது. பெயர் இடாருசிசுமாப், அமெரிக்காவில் 2015 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இது ஆன்டிபாடியின் ஒரு துண்டு. திராம்பினோடு டாபிகாட்ரான் ஒட்டிக்கொள்வதைப் போல 350 மடங்கு இறுக்கமாக இதனோடு ஒட்டிக்கொள்ளும். எடையைப் பார்க்க வேண்டியதில்லை, எல்லாருக்கும் 5 கிராம், இரண்டு குப்பி அடுத்தடுத்து. முதல் குப்பி உள்ளே போனதுமே உறையும் தன்மை திரும்பத் தொடங்கிவிடுகிறது. இந்த மருந்து கைவசம் இல்லாத இடத்தில் டயாலிசிஸ் ஒரு வழி. டாபிகாட்ரானில் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகப் போவது, ரத்தத்தில் புரதங்களோடு அதிகம் ஒட்டாதது. ஆகவே இயந்திரத்தால் இழுத்தெடுக்க முடியும். ஆனால் கசிந்துகொண்டிருக்கும் நோயாளிக்குக் கழுத்திலோ தொடையிலோ பெரிய குழாய் போட்டு மணிக்கணக்கில் டயாலிசிஸ் செய்வது லேசான காரியம் அல்ல.

பத்தாம் காரணி மாத்திரைகளின் கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. ஆண்டெக்ஸாநெட் ஆல்ஃபா என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பத்தாம் காரணியைப் போலவே தோற்றம், ஆனால் உறைய வைக்கும் திறன் பறிக்கப்பட்ட போலி. மாத்திரை இந்தப் போலியைப் பிடித்துக்கொண்டு அசலை விட்டுவிடும். அருமையான யோசனை. ஆனால் 2024-இல் வெளியான அனெக்ஸா-ஐ ஆய்வு வேறொன்றையும் காட்டியது. மூளைக் கசிவு கட்டுக்குள் வந்தவர்கள் 67 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 53 சதவீதம். அந்த வரைக்கும் நல்லது. அதே ஆய்வில் ரத்தக்கட்டி அடைப்பு 10.3 சதவீதம் பேருக்கு வந்தது, வழக்கமான சிகிச்சையில் 5.6 சதவீதம்தான். அதில் பக்கவாதமும் சேரும். விலையும் மிக அதிகமாக இருந்தது; 2025 இறுதியில் அமெரிக்காவில் இதன் விற்பனையும் நிறுத்தப்பட்டது. நம் ஊர் மருத்துவமனையில் இதை எதிர்பார்த்துப் போக முடியாது, கையில் எடுப்பது பிசிசியைத்தான், வழக்கமாகக் கிலோவுக்கு 25 முதல் 50 யூனிட் அல்லது மொத்தமாக 2,000 யூனிட். இங்கே பிசிசி மாத்திரையை முறிப்பதில்லை. மருந்து பிடித்து வைத்திருப்பதற்கும் மேலாகக் காரணிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பலருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஆஸ்பிரினுக்கு என்ன?

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ரத்தத்தில் சில மணி நேரம்தான் இருக்கும். ஆனால் அவை தொட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்கச் செயலற்றதாகவே இருக்கும். ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். புதியவை பிறந்து பழையவை போனால்தான் சரியாகும். அப்படியானால் தானம் பெற்ற தட்டணுக்களை ஏற்றிவிடலாமே என்றுதான் எல்லாருக்கும் தோன்றும், மருத்துவர்களுக்கும் பல வருடங்கள் அப்படித்தான் தோன்றியது. 2016-இல் வந்த பேட்ச் ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது. ஆஸ்பிரின் போன்ற மருந்து சாப்பிட்டு மூளைக் கசிவு வந்தவர்களில், தட்டணு ஏற்றியவர்கள் ஏற்றாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். இறந்தவர்களும் பிறர் உதவியின்றி இயங்க முடியாதவர்களும் அவர்களில்தான் அதிகம். இப்போது மூளை அறுவை சிகிச்சை உடனே தேவை என்பது போன்ற நிலைகளில்தான் அதை யோசிக்கிறார்கள். நோயாளியின் குடும்பம் ரத்த வங்கி வாசலில் நின்று தட்டணுவுக்கு அலைந்து, கிடைத்தும் மருத்துவர் வேண்டாம் என்றால், அது அலட்சியம் அல்ல. இந்த ஆய்வுதான் காரணம்.

கசிவு நின்ற பிறகு

மருந்தை முறித்தாயிற்று, கசிவு நின்றது. நம் அம்மா ஐசியூவில் கண் விழித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அவருடைய உலோக வால்வு பாதுகாப்பில்லாமல் இருக்கிறது. வால்வில் கட்டி சேர்ந்தால் அது அசையாமல் சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி பிய்ந்து மூளைக்கே போகும். மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொருந்தும் பதில் இல்லை. உலோக வால்வு வைத்தவருக்கு மூளைக் கசிவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரத்திலேயே யோசிக்க வேண்டியிருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மட்டும் என்றால் நான்கு வாரம், அதற்கு மேலும் பொறுக்கலாம். வயிற்றுப் புண் கசிவுக்கு எண்டோஸ்கோபியில் சரிசெய்த பிறகு ஒரு வாரத்தை ஒட்டித் தொடங்குவது வழக்கம். இதய மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் விஷயம் இது.

குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கசிவைக் கண்ணால் பார்த்த பயத்தில் மாத்திரையை நிரந்தரமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். அல்லது, டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நிறுத்தவும்’ என்று எழுதியிருந்ததை ‘இனி வேண்டாம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வாய் கோணிப் போய் வரும்போதுதான் தெரியவரும். வீட்டுக்குப் போகும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: மறுபடி என்றைக்குத் தொடங்க வேண்டும், அதே மாத்திரையா வேறா, அதற்கு முன் யாரைப் பார்க்க வேண்டும்? பதிலைத் தேதியோடு சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. மாத்திரை அட்டையைப் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டில் எல்லார் போனிலும் வையுங்கள். அதோடு எதற்காகச் சாப்பிடுகிறார், காலையிலா இரவிலா, கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, சிறுநீரகப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று இரண்டு வரி. அசிட்ரோம், வார்ஃபரின்காரர்கள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகக் கேட்டு வலி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ வாங்காமல் இருக்கட்டும். டைக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கும், மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரைக் கிடுகிடுவென்று ஏற்றும். வைட்டமின் கே இருக்கிறதே என்று முருங்கைக்கீரையை விலக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும்.

தலையில் அடிபட்டால், வலி இல்லை, நன்றாகத்தான் பேசுகிறார் என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அன்றைய அடுத்த வேளை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.